நீலப்பல் ராஜாவும் மெய்ப்பாளர் குறிப்பும்

"மறுபடியும் கோல்ஃப்" என்று சொல்லி அக்கா பேனாவை மேசைமேல் போட்டார். "இது நாலாவது தடவை. எழுதினவருக்கு மறதியா, இல்ல எனக்குத்தான் பைத்தியம் பிடிச்சிருக்கா?"

நான் பக்கத்து மேசையில் பத்திரிகையின் பக்கங்களை வடிவமைத்துக்கொண்டிருந்தேன். அவர் நீட்டிய தாளை வாங்கிப் பார்த்தேன். ஆண்கள் மட்டும், பெண்கள் வரக்கூடாது என்று பொருள் தரும் நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்துதான் கோல்ஃப் என்ற பெயர் உண்டானதாம். ஓரத்தில் அக்காவின் சிவப்பு மசி: 'தவறு. மட்டை என்று பொருள்படும் பழைய டச்சுச் சொல்லிலிருந்து வந்திருக்கக்கூடும். பார்க்க: அகராதி, முதல் தொகுதி. இதை மூன்று முறை எழுதிக் கொடுத்துவிட்டேன்.' மூன்று என்பதன் கீழே இரண்டு கோடுகள்.

"கதை நல்லாத்தானே இருக்குக்கா" என்றேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல்.

"நல்லா இருக்கிறதுதான் பிரச்சினை. நிஜமான சொல் எதுவும் இவ்வளவு லட்சணமா பொறக்காது."

எங்கள் வாரப் பத்திரிகையில் இருபத்தேழு வருடமாகப் பிழை திருத்துகிற மெய்ப்பாளர் அவர். கேள்விக்குறி அக்கா என்றுதான் அலுவலகம் முழுக்கக் கூப்பிடுவோம். சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுவார். அதன் வளைவு காது மாதிரி பெரிதாக இருக்கும். வேலைக்குச் சேர வந்த நாளில் பதினைந்து பிழைகள் உள்ள ஒரு பக்கத்தைக் கொடுத்துத் திருத்தச் சொன்னார்களாம். அவர் பதினேழு கண்டுபிடித்தார். கூடுதலாக இருந்த இரண்டும் தேர்வு வைத்தவர்கள் எழுதிய குறிப்பில் இருந்தவை. வேலை கொடுக்கலாமா, வேண்டாமா என்று அவர்களுக்கே குழப்பம் வந்துவிட்டதாகக் கேள்வி.

அவர் மேசைக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு ஸ்டூல் உண்டு. அதன்மேல் இரண்டு தொகுதிகளாக ஒரு பழைய ஆங்கில அகராதி. சொல்லின் பொருளோடு அது பிறந்த வழியையும் சொல்வது. முதுகுத் துணி கிழிந்து, பார்சல் ஒட்டும் பழுப்பு டேப்பில் நின்றுகொண்டிருந்தது. பார்க்காமல் ஒரு வரியையும் அடிக்கக்கூடாது என்பது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். மற்றவர்கள் டீ குடிக்கப் போகும்போது அவர் இரண்டாம் தொகுதியைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார்.

அவருடைய நிம்மதியைக் கெடுக்க வந்தவர் இன்சூரன்ஸ்காரர். முப்பத்தைந்து வருடம் வீடு வீடாகப் போய்க் காப்பீடு விற்று ஓய்வு பெற்றவர். கேட்கிறவரை நாற்காலியிலிருந்து எழுந்திருக்க விடாமல் பேசத் தெரியும். எங்கள் ஆசிரியர் எங்கோ ரயிலில் அவரிடம் மாட்டிக்கொண்டு, இறங்குவதற்குள் ஒரு தொடருக்கு ஒத்துக்கொண்டு வந்துவிட்டார். 'சொல்லுக்குள் ஒரு கதை' என்று பெயர். வாரம் ஓர் ஆங்கிலச் சொல், அது எப்படிப் பிறந்தது என்று ஒரு கதை.

முதல் வாரமே நியூஸ். வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு ஆகிய நான்கு திசைகளின் முதலெழுத்துகள் என்று எழுதியிருந்தார். 'புதியவை என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை' என்று அக்கா ஓரத்தில் எழுதினார். இரண்டாவது வாரம், ஆடம்பரம் என்று பொருள்படும் போஷ். அந்தக் காலத்துக் கப்பல்களில் வெயில் படாத பக்கத்து அறையைப் பிடித்த பணக்காரர்களின் பயணச்சீட்டில் குத்திய நான்கு எழுத்தாம். 'அப்படி ஒரு சீட்டு இதுவரை யார் கையிலும் கிடைக்கவில்லை' என்று எழுதினார். கட்டுரை அப்படியே அச்சாகி வந்தது.

அக்கா ஆசிரியரிடம் போனார்.

"சார், இதெல்லாம் தப்பு சார்."

"ஜனங்க விரும்பிப் படிக்கிறாங்க மேடம்."

"தப்பை விரும்பிப் படிக்கிறாங்க."

"எழுத்துப் பிழை இருந்தா திருத்துங்க. கதையில கை வைக்காதீங்க, பாவம், பெரியவர்."

அன்று அவர் தன் இடத்துக்கு வந்து பத்து நிமிடம் பேனா மூடியைத் திருகித் திருகி மூடினார். "லேடின்னு ஒரு சொல் இருக்கு" என்று என்னிடம் சொன்னார். "ரொட்டிக்கு மாவு பிசையறவள்னு அதுக்கு மூலம். இது நிஜம், அகராதியிலேயே இருக்கு. நிஜத்துலேயே இவ்வளவு வேடிக்கை கொட்டிக் கிடக்கு. எதுக்கு இட்டுக்கட்டணும்?"

வீட்டுக்குப் போனாலும் தப்பிக்க வழியில்லை. அவர் கணவர் கண் மருத்துவமனையில் கண்ணாடிக்கு அளவு பார்க்கிறவர். நாள் முழுக்கச் சுவரில் எழுத்துகளைக் காட்டி, படிங்க, படிங்க என்று சொல்லிவிட்டு வருவதால் வீட்டில் எதையும் படிக்கமாட்டார். மாடி வீட்டில் இருக்கும் நாத்தனார் எல்லாவற்றையும் படிப்பார். படித்த கையோடு அனுப்பியும் விடுவார். குடும்பக் குழுவில் காலை ஆறரைக்கே கைபேசி கிணுகிணுக்கும். அண்ணி, இது தெரியுமா என்று ஆரம்பிக்கும். அதில் பாதி எங்கள் பத்திரிகையிலிருந்து வெட்டியெடுத்த இன்சூரன்ஸ்காரரின் பத்திகள். தான் ஓரத்தில் அடித்துக்கொடுத்த பொய்யே மூன்று நாள் கழித்துப் பல் தேய்க்கும்போது திரும்பி வருவதை அவரால் தாங்க முடியவில்லை.

கோல்ஃப் நான்காவது முறை வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை, தாளை எடுத்துக்கொண்டு நேராக ஆசிரியர் அறைக்குள் போனார். கதவு சாத்தியிருந்தும் எங்களுக்குக் கேட்டது. அரை மணி கழித்து வெளியே வந்தவர் முகத்தில் வெற்றியா தோல்வியா என்று சொல்ல முடியாத ஒரு களை.

"கட்டுரைக்குக் கீழே மூணு வரி இடம் தர்றாராம். மெய்ப்பாளர் குறிப்புன்னு போட்டு, நான் நெனச்சதை எழுதிக்கலாமாம். அளவு பார்த்து ஒதுக்கு."

ஒதுக்கினேன். பொடி எழுத்தில் அந்த வாரமே வந்தது: 'மேலே உள்ளது உண்மையன்று.' அதையடுத்து டச்சு மட்டை.

அது பிய்த்துக்கொண்டு போகும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வாசகர்கள் கட்டுரைக்கு முன்னால் குறிப்பைப் படிக்க ஆரம்பித்தார்கள். கடிதங்கள் வந்தன. 'அந்த அம்மாவும் பெரியவரும் அடிக்கும் கூத்து பிரமாதம்' என்றது ஒன்று. 'இருவரும் கணவன் மனைவியா?' என்று கேட்டது இன்னொன்று. அக்கா அதைப் படித்துவிட்டுக் கடிதத்திலிருந்த மூன்று ஒற்றுப் பிழைகளைத் திருத்தி, மடித்து, குப்பைக் கூடையில் போட்டார்.

"உண்மையைச் சொன்னா சிரிக்கிறாங்க. பொய்யைச் சொன்னா நம்பறாங்க. நான் என்ன கோமாளியா?"

இன்சூரன்ஸ்காரருக்குக் கோபமே வரவில்லை. அது அக்காவை இன்னும் எரிச்சலாக்கியது. புதன்கிழமைதோறும் தொலைபேசியில் கூப்பிடுவார். "இந்த வாரம் எத்தனை மார்க் போட்டீங்கம்மா?" என்பார். அக்கா ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "பூஜ்யம்" என்பார். இப்படியே இரண்டரை வருடம் ஓடியது.

பிறகு வந்தது அந்த ப்ளூடூத் வாரம்.

அன்றைக்குக் காலையிலிருந்தே எதுவும் சரியில்லை. மாடியில் நாத்தனார் வீட்டுக் குழாய் உடைந்து, தண்ணீர் சுவர் வழியாக அக்காவின் அலமாரிக்குள் இறங்கியிருந்தது. கணவர் புதிதாக வாங்கிய காதில் மாட்டும் கருவி கைபேசியோடு சேரமாட்டேன் என்று அடம்பிடித்தது. அவர் அதை அணைத்து அணைத்துப் போட, அது ஒவ்வொரு முறையும் ஒரு பெண் குரலில் ப்ளூடூத், ப்ளூடூத் என்று ஏதோ அறிவித்துவிட்டு அடங்கிப்போனதாம். அந்த நாற்பது நிமிடமும் அக்கா நாற்காலிமேல் நின்று ஈரப் புடவைகளைப் பிழிந்துகொண்டிருந்தார். அலுவலகம் வந்து சேர்ந்தபோது பதினொன்றரை. அச்சகத்திலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகவே பக்கங்களைக் கேட்டிருந்தார்கள். மதியமே வரவேண்டிய கட்டுரை நாலு மணிக்கு வந்தது.

படித்தார். ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் டென்மார்க்கை ஆண்ட ஒரு ராஜாவுக்கு நீலப்பல் என்று பட்டப்பெயர் இருந்ததாம். பிரிந்து கிடந்த கூட்டங்களை அவர் ஒன்றாக்கினாராம். அதனால், பிரிந்து கிடக்கும் கருவிகளைக் கம்பியில்லாமல் ஒன்றுசேர்க்கும் நுட்பத்துக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்களாம்.

"போதும்டா சாமி" என்றார் அக்கா. "இனிமே பல் வலி வந்த ராஜாக்கள்தான் பாக்கி."

"கம்ப்யூட்டர்ல பார்க்கட்டுமாக்கா?" என்று கேட்டேன். கேட்டேனே தவிர, கை பக்கத்தை மூடும் வேலையில்தான் இருந்தது.

"இதுக்குக்கூடப் பார்க்கணுமா?"

அகராதி முப்பது வருடப் பழசு. அதில் அந்தச் சொல் இருக்காது என்று அவருக்குத் தெரியும். ஸ்டூல் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டே வரி எழுதிக் கொடுத்தார்: 'முழுக் கட்டுக்கதை. கருவிகளுக்குப் பெயர் வைப்பவர்கள் ராஜாக்களுக்குப் பல் வைத்தியம் பார்ப்பதில்லை.' நான் சிரித்தேன். ஆசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கம் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. சனிக்கிழமைக்குள் அந்தக் குறிப்பைப் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பியிருந்தார்கள். நாத்தனார் மாடியிலிருந்து இறங்கி வந்தே சொன்னார்: "அண்ணி, எங்க ஆபீஸ்ல எல்லார் போன்லேயும் நீங்கதான். எங்க அண்ணிதான் எழுதினாங்கன்னு சொல்லிட்டேன்." இரண்டரை வருடத்தில் முதல் தடவையாக, தான் எழுதியதைக் குடும்பமே படித்திருக்கிறது. அக்காவுக்கு உள்ளூரக் கொஞ்சம் குளிர்ந்ததாகப் பின்னால் அவரே என்னிடம் ஒப்புக்கொண்டார்.

அன்று மாலை கணவரின் கருவியை எடுத்துக்கொண்டு தெருமுனையில் இருக்கும் கைபேசிக் கடைக்குப் போனார். கடைக்காரர் அதை வாங்கி எதையோ அழுத்தினார், உடனே சேர்ந்துகொண்டது. பிறகு தன் கைபேசியை எடுத்து, "இதைப் பார்த்தீங்களா?" என்று சிரித்தபடி நீட்டினார். அக்காவின் குறிப்பு.

"யாரோ பார்க்காமலேயே எழுதியிருக்காங்க பாருங்க. அது நிஜமாவே ராஜா பேருதான். இந்தச் சின்னம் இருக்கில்ல, அதுவே அந்த ராஜா பேரோட ரெண்டு எழுத்து, அந்தக் காலத்து எழுத்து. அதை ஒண்ணுமேல ஒண்ணா வெச்சது. எங்க தொழில்ல சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியும். பத்திரிகையில உட்கார்ந்துக்கிட்டு இது தெரியல."

அக்கா கருவியின் பெட்டியில் இருந்த சின்னத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எழுதினது நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்ததாம். வெளியே வரவில்லை. வீட்டுக்கு வந்து நாத்தனாரின் கணினியில் தேடினார். பல் ஏன் நீலம் என்பதுதான் உறுதியாகத் தெரியவில்லையே தவிர, மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை காலை அவர் வரும்போதே இன்சூரன்ஸ்காரர் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார். அதுவரை ஆசிரியரைத் தவிர நாங்கள் யாரும் அவரை நேரில் பார்த்ததில்லை. ஒல்லியான மனிதர். மடியில் ஒரு பழுப்பு உறை. கேலி செய்யத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றார்.

அவர் உறையிலிருந்து மூன்று நகல்களை எடுத்து நீட்டினார். நூலக முத்திரை இருந்தது.

"ரெண்டு நாள் நூலகத்துல உட்கார்ந்தேம்மா. என் வாழ்க்கையிலேயே முதல் தடவை. உங்களுக்குக் கேள்விக்குறி போட இடமே இல்லாம ஒண்ணு எழுதணும்னு ஆசை."

"இதைக் கட்டுரையோடவே அனுப்பியிருக்கலாமே."

"அனுப்பியிருக்கலாம். நீங்களே தேடிக் கண்டுபிடிச்சு, இந்த வாரம் சரின்னு ஒரு வரி போடுவீங்கன்னு நெனச்சேன்." காலி உறையை நாலாக மடித்தார். "என் தப்பையெல்லாம் நீங்க தேடிப் பார்த்துத்தான் அடிச்சீங்க. அதுல எனக்கு வருத்தமே இல்ல. பார்க்காம அடிப்பீங்கன்னுதான் நெனைக்கவே இல்ல."

அக்கா அந்த நகல்களை நின்றபடியே ஒரு வரி விடாமல் படித்தார். "தப்பு என்னோடதுதான்" என்றார். "இந்த வாரமே அச்சுல போடறேன்."

அவ்வளவு சுலபமாக அது நடக்கவில்லை. ஆசிரியருக்கு இது தேவையே இல்லாத வேலையாகப் பட்டது.

"எதுக்கு மேடம்? ஜனங்க சிரிச்சாங்க, முடிஞ்சுது. இப்ப போய் நாமளே தப்புன்னு சொல்லிக்கணுமா?"

"அவர் தப்பையெல்லாம் ரெண்டரை வருஷமா சொல்லிக்கிட்டுத்தானே இருந்தேன்."

"சரி. கடைசிப் பக்கத்துல, சந்தா விவரத்துக்குக் கீழே ரெண்டு வரி."

"எந்த இடத்துல தப்பு வந்துச்சோ அந்த இடத்துல. கட்டுரை எழுத்தளவுலேயே."

"முடியாது மேடம்."

எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு பக்கத்தின் கீழ் மூலையிலும் அக்காவின் சுருக்கொப்பம் இருந்தால்தான் அச்சகம் வாங்கும். பழைய ஆசிரியர் காலத்தில் வந்த ஏற்பாடு. யாரும் மாற்ற நினைத்ததில்லை. செவ்வாய்க்கிழமை அக்கா நாற்பத்தெட்டுப் பக்கங்களையும் திருத்தினார். ஒன்றில்கூட ஒப்பம் போடவில்லை. அடுக்கி, மேலே அகராதியின் இரண்டாம் தொகுதியை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று மணிக்கு ஆசிரியர் வந்தார். நாலரைக்கு மறுபடி வந்தார்.

"டெட்லைன் மேடம்."

"டெட்லைன்னா என்னன்னு தெரியுமா சார்? போர்க் கைதிகளை அடைச்சு வெச்ச இடத்தைச் சுத்திப் போட்ட கோடு. தாண்டினா சுட்டுடுவாங்க. நான் எங்கேயும் தாண்டலை. இங்கேயேதான் உட்கார்ந்திருக்கேன்."

ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். ஐந்து மணிக்கு அவர் இறங்கி வந்தார்.

'சென்ற வாரம் இந்தப் பகுதியில் கட்டுரையாளர் எழுதியது சரி. நான் எழுதிய குறிப்பு தவறு. சரிபார்க்காமல் எழுதினேன். கட்டுரையாளரிடமும் வாசகர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.' இவ்வளவுதான். எழுத்தளவு அவர் கேட்டதுதான்.

யாரும் அதைப் படம் பிடித்து அனுப்பவில்லை. தவறான குறிப்புதான் சுற்றிக்கொண்டே இருந்தது. அக்காவுக்கு அது புழுவாக அரித்தது. குடும்பக் குழு, மருத்துவமனைக் குழு, தெருக் குடியிருப்போர் குழு என்று எங்கே வந்தாலும், நாத்தனாரிடம் வேறெங்கே வந்திருக்கிறது என்று விசாரித்தும், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டெழுதிப் பதில் போட்டார். கணவர் சொல்லிப் பார்த்தார்.

"எத்தனை பேருக்குத்தான் எழுதுவே? விடும்மா."

"எத்தனை பேருக்குப் போச்சோ அத்தனை பேருக்கும்."

முன்பின் தெரியாத ஒருவர் திருப்பி எழுதினார்: 'ஒரு பத்திரிகையின் மெய்ப்பாளரே தவறு என்கிறார். உங்களுக்கு அதைவிட அதிகம் தெரியுமா?' அக்கா அதை என்னிடம் காட்டினார். சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. 'அந்த மெய்ப்பாளர் நான்தான்' என்று அவர் பதில் போட்டிருந்தார். எதிராளி நம்பவில்லை. கட்டை விரலைக் கவிழ்த்த படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் போய்விட்டார். ஐந்து வாரம் இந்தக் கூத்து நடந்தது.

இதற்கிடையில் இன்சூரன்ஸ்காரர் அடியோடு மாறிவிட்டார். இரண்டு நாள் நூலகத்தில் உட்கார்ந்தது பழக்கமாகிவிட்டது. கட்டுரையோடு நகல்களையும் பின் குத்தி அனுப்பினார். ஆங்கிலத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, ஜன்னலும் சாவியும் மேசையும் அலமாரியும் போர்ச்சுகீசியர்களோடு கப்பலில் வந்து நம் வீட்டுக்குள் புகுந்த சொற்கள் என்று ஒரு வாரம் எழுதினார். எல்லாம் சரி. தசையைக் குறிக்கும் மஸில் என்ற சொல்லுக்குச் சுண்டெலி என்று மூலப் பொருள் என ஒரு வாரம். அதுவும் சரி. அக்காவின் மூன்று வரி இடத்தில் 'சரிபார்க்கப்பட்டது' என்ற ஒரே சொல் வாரா வாரம் வந்தது.

கடிதங்கள் குறைந்தன. 'சண்டை எங்கே?' என்று கேட்டு ஒன்பது கடிதம் வந்தது. ஆசிரியர் ஒருநாள் அக்காவின் மேசைக்கே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கொஞ்சம் சண்டை போடுங்களேன் மேடம். சும்மா, பொய்க்காவது" என்றார். அக்கா அவரை நிமிர்ந்து பார்த்த பார்வையில் அவர் அப்படியே திரும்பிப் போய்விட்டார். மன்னிப்பு அச்சான பதினோராவது வாரம் தொடரை நிறுத்தினார்கள். அந்த இடத்தில் இப்போது 'உங்கள் பெயரின் முதலெழுத்தும் உங்கள் குணமும்' வருகிறது. அதற்குக் கடிதங்கள் குவிகின்றன. அக்காதான் பிழை திருத்துகிறார். "பிடிவாதக்காரர்கள்னு போட்டிருக்கான். யாரு அளந்து பார்த்தது?" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒற்றெழுத்துகளைச் சேர்க்கிறார். அதற்குக் கீழே குறிப்பு எழுத அவருக்கு இடம் கிடையாது.

இன்சூரன்ஸ்காரர் மட்டும் வியாழக்கிழமைகளில் வருகிறார். அன்று எங்களுக்கு வேலை குறைவு. அகராதியை இறக்கி வைத்துவிட்டு அந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். ஒரு நோட்டில் இருவருமாகச் சொற்களை எழுதி வருகிறார்கள். புத்தகமாகப் போடுவதா என்று கேட்டதற்கு, "முதல்ல முடியட்டும்" என்றார் அக்கா. அவர்களுக்குள் வாக்குவாதம் வராத வியாழக்கிழமையே இல்லை.

போன வாரம் நாய்க்கான ஆங்கிலச் சொல். இரண்டு தொகுதியையும் கணினியையும் பார்த்தாகிவிட்டது. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஒருவருக்கும் தெரியாதாம்.

"இவ்வளவு சின்னச் சொல்லும்மா. தினமும் ஊரே சொல்ற சொல். ஏதாவது ஒரு கதை இருந்தே ஆகணும்" என்றார் அவர். அவருக்குக் கை பரபரத்தது.

"இல்ல."

"நானே ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன், கேளுங்களேன். ஒரு காட்டுல ஒரு வேட்டைக்காரன்..."

"வேண்டாம்."

"கேட்டுட்டு அடிச்சுடுங்க."

"தெரியாதுன்னா தெரியாது. அதை எழுதுங்க. கொட்டை எழுத்துல எழுதுங்க."

அவர் பெருமூச்சு விட்டபடி எழுதினார். அக்கா நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்து, ஒரு காற்புள்ளியைத் திருத்தி, அடுத்த சொல்லைக் கேட்டார்.